மாடி அறையில் அறுந்து விழும் வைஃபை: டாங்கிளா, கார்டா, எக்ஸ்டெண்டரா, ஒயரா?

அக்கா போன் செய்தால் இப்போதெல்லாம் நலம் விசாரிப்பு இரண்டாவதுதான். முதலில் வருவது, "ஏல, நெட்டு திரும்பவும் போச்சு." பாளையங்கோட்டையில் வீடு. கீழே ஹால், அடுக்களை, ஒரு படுக்கையறை. மேலே ஒரே ஓர் அறை. அந்த மேல் அறைதான் நான்கு வருடமாக அவளுக்கு ஆபீஸ். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு பில்லிங் வேலை. காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் மாலை 6 வரை அதே மேஜை, அதே நாற்காலி. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எந்தப் பக்கம் சாய்வது என்பதை முடிவு செய்தது இந்த நாற்காலிதான்.

தொந்தரவு இதுதான்: லேப்டாப்பில் மீட்டிங் நடக்கும்போது குரல் உடைந்து உடைந்து போகும். ஐந்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு படம் உறைந்துவிடும். வைஃபை கோடுகள் மூன்றில் இரண்டு இருக்கும், ஆனால் பக்கம் திறக்காது. எல்லாரும் செய்வதைத்தான் அவளும் முதலில் செய்தாள். 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கினாள். பில் ஏறியது, குரல் உடைவது நிற்கவில்லை. அத்தான் தன் பங்குக்கு, சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒரு வைஃபை எக்ஸ்டெண்டரைத் தேடிப் பிடித்து, "கார்ட்டுல போட்டு வச்சிருக்கேன், அமுக்கிரட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். "ஞாயித்துக்கிழம வாரேன் அத்தான், அதுவரைக்கும் அமுக்காதீங்க" என்றேன்.

போனேன். அன்று முழுக்க அந்த வீட்டில் செய்ததையும், அதற்கு முன் என் லேப்டாப்பிலும் நண்பர்கள் வீட்டிலும் செய்து பார்த்ததையும் வைத்துத்தான் இந்த ஒப்பீடு. உங்கள் வீட்டுச் சுவர் வேறு, லேப்டாப் வேறு. ஆனால் காசு போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்.

எங்கே அறுகிறது?

இணையம் லேப்டாப்புக்கு வந்து சேர இரண்டு கட்டம் உண்டு. லேப்டாப்பிலிருந்து ஹாலில் இருக்கும் ஃபைபர் பெட்டி வரை ஒன்று. அது காற்று வழி. பெட்டியிலிருந்து வெளியே, இணைப்பு தரும் கம்பெனி வரைக்கும் அதற்கு அப்பாலும் இன்னொன்று. அது கண்ணாடி இழை வழி. எந்தக் கட்டத்தில் கோளாறு என்று தெரியாமல் எதை வாங்கினாலும் அது லாட்டரிதான்.

இதைக் கண்டுபிடிக்க எந்த ஆப்பும் வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு ஜன்னலாகத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் பெட்டியின் முகவரிக்கு பிங் ஓடட்டும். பிங் என்பது ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. அது பெரும்பாலும் 192.168.1.1, சில பெட்டிகளில் 192.168.0.1, சிலவற்றில் 192.168.29.1. வைஃபை ப்ராபர்ட்டீஸில் 'டிஃபால்ட் கேட்வே' என்று போட்டிருக்கும் எண் அதுதான். இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8-க்கு ஓடட்டும். இரண்டிலும் ஆங்கிலத்தில் 'பிங்' என்று அடித்து, முகவரியைப் போட்டு, அதன் பின்னால் ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஆங்கிலச் சின்ன 'டி'யும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

பெட்டிக்குப் போகும் பிங் 2, 3, 2 மில்லி செகண்ட் என்று அமைதியாக இருந்து, கூகுளுக்குப் போவது மட்டும் எகிறினால், உங்கள் லேப்டாப்பின் மேல் குற்றமில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடியுங்கள். இரண்டும் சேர்ந்து எகிறினால் கோளாறு வீட்டுக்குள்ளேயே, காற்று வழியில். அக்கா வீட்டில் பெட்டிக்குப் போன பிங்கே 3, 4, 3, 187, 260, பிறகு 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்'. பத்தே படி கீழே இருக்கும் பெட்டியிலிருந்து பதில் வர கால் செகண்ட் ஆகிறது, சில நேரம் வரவே இல்லை. பிளானை 200 ஆக்கினால் என்ன, 1000 ஆக்கினால் என்ன?

அடுத்து, குற்றவாளி பெட்டியா லேப்டாப்பா? இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏன் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை என்று தெரியவில்லை. ஆண்ட்ராய்டு போனை அதே வைஃபையில் இணைத்து, சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் செருகி, 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், லேப்டாப்பின் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இப்போது போன்தான் லேப்டாப்புக்கு வைஃபை கார்டு, அதாவது வைஃபை சிக்னலைப் பிடிக்கும் பாகம். அதே மேஜை, அதே பெட்டி, அதே சுவர். மாறியது கார்டு மட்டும். அக்கா லேப்டாப்பில் தன் சொந்த வைஃபை வழியாக வேகம் 11 எம்பிபிஎஸ் வந்தது. போன் வழியாக 58. (ஐபோனில் இது நடக்காது, அது மொபைல் டேட்டாவை மட்டும்தான் பகிரும்.) நாளைக்கு முக்கியமான மீட்டிங், இன்றைக்கு ராத்திரி எதுவும் வாங்க முடியாது என்றால், இதையே ஒருநாள் சமாளிப்பாகவும் வைத்துக்கொள்ளலாம்.

58 வந்ததால் பெட்டி யோக்கியம் என்று ஆகிவிடாது. 200 பிளானில் 58 என்பது பாதிகூட இல்லை. ஆக இரண்டு பக்கமும் குறை இருந்தது. லேப்டாப் பக்கம் அதிகம்.

லேப்டாப்பின் குறை என்ன என்பதை விண்டோஸே சொல்லிவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கம் போய், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் 'ப்ரோட்டோகால்' (வைஃபையின் தரம்), 'நெட்வொர்க் பேண்ட்' (அலைவரிசை), 'லிங்க் ஸ்பீட்' (பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள வேகம்) என்று மூன்று வரி இருக்கும். அக்காவுடையதில் வைஃபை 4, 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 26 எம்பிபிஎஸ். கீழே பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தாலும் லிங்க் 72-ஐத் தாண்டவில்லை. வைஃபை 4 என்பது 2009-இல் வந்த தரம். ஒற்றை ஆன்டெனாவில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதன் உச்சவரம்பே 72 தான். அதுவும் காகிதக் கணக்கு. கைக்கு வருவது ஏறக்குறைய அதில் பாதி. லேப்டாப்பை வாங்கியது 2019-இல்தான், ஆனால் மலிவு மாடல்களில் அப்போதும் இந்தக் கார்டைத்தான் போட்டு விற்றார்கள். லேப்டாப்பின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் ப்ராசஸர் பெயர் பெரிதாக இருக்கும். வைஃபை கார்டு பற்றி யாரும் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை.

காசில்லாமல் ஆகும் காரியங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் இதில் செலவிடலாம். சில வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

அக்காவுக்கு மீட்டிங்கில் மட்டும் ஏன் உடைகிறது, படம் பார்க்கும்போது ஏன் அவ்வளவாகத் தெரியவில்லை? படம் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளும், மீட்டிங்குக்கு அந்த வசதி கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவள் காதில் இருந்தது: ப்ளூடூத் ஹெட்செட். ப்ளூடூத்தும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. மலிவுக் கார்டுகளில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே ஆன்டெனாவை முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்ளும். பழைய ஒயர் ஹெட்போனைச் செருகச் சொன்னேன். பிங் ஜன்னலில் 187-உம் 260-உம் குறைந்து 40, 50-க்கு வந்தன. முழுக்கக் குணமாகவில்லை. ஆனால் பழைய போனோடு வந்து டிராயரில் கிடந்த ஹெட்போன்தானே, காசா பணமா.

யுஎஸ்பி 3.0 ஹார்ட்டிஸ்க் செருகியிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தத் துளையும் ஒயரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஆய்வுக் குறிப்பு போட்டிருக்கிறது. டிஸ்க்கைப் பிடுங்கினால் வைஃபை தெளிகிறதா பாருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்று விண்டோஸுக்கு அனுமதி தரும் டிக் ஒன்று இருக்கும். சில நேரம் சும்மா கிடந்துவிட்டுத் திரும்ப வந்தால் நெட் இல்லை என்பவர்கள் அதை எடுத்துவிடுங்கள். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் தகராறு தொடங்கியது என்றால் 'ரோல் பேக்' கொடுத்துப் பழைய டிரைவருக்கே திரும்புங்கள். வைஃபை என்ற சொல்லே மெனுவில் காணாமல் போய்விட்டால் பதற வேண்டாம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பலமுறை திரும்பி வந்திருக்கிறது. இன்னொன்று: விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் அது முழுசாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியால் பாதித் தூக்கத்தில் கிடக்கும். டிரைவர் மக்கர் செய்தால் 'ரீஸ்டார்ட்' கொடுப்பதுதான் உண்மையான அணைப்பு.

பெட்டி பக்கம் வருவோம். லைன் போட வந்த பையன், தனக்கு ஒயர் எங்கே சுருக்கமாக எட்டியதோ அங்கே பெட்டியை மாட்டியிருந்தான்: ஹால் மூலையில், டிவிக்குப் பின்னால், பக்கத்தில் இரும்பு பீரோ. பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி. இரும்புத் தகடு சிக்னலை விடாது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சும் விடாது. மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். இத்தனையும் தாண்டி மேல் அறைக்குப் போக வேண்டும். ஃபைபர் ஒயர் கொஞ்சம் சுருட்டி வைத்திருந்ததால் பெட்டியை எடுத்து மாடிப்படி தொடங்கும் சுவரில், கதவு நிலை உயரத்தில் மாட்டினோம். படிக்கட்டு என்பது வீட்டின் நடுவில் வெட்டிவைத்த பெரிய துளை; சிக்னல் ஏற அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஒன்று, ஃபைபர் ஒயரை மின் ஒயர் மாதிரி மடக்கி ஆணி அடித்துவிடாதீர்கள். கூர்மையாக மடங்கினால் உள்ளே ஒளி கசியும்.

சேனலையும், அதாவது அலைவரிசைக்குள் பெட்டி பிடித்துக்கொள்ளும் தடத்தையும், மாற்றினோம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 மூன்றுதான். பக்கத்து வீடுகள் முக்காலும் 6-இல் கூடிக் கிடந்தன. நாங்கள் 1-க்குப் போனோம். இந்தியாவில் 13 வரை உண்டே, 13 காலியாக இருக்குமே என்று அங்கே போகாதீர்கள். அமெரிக்க அமைப்பில் ஓடும் சில லேப்டாப்களுக்கு 12-உம் 13-உம் கண்ணுக்கே தெரியாது. "போன்ல காட்டுது, லேப்டாப்ல பேரே வரல" என்ற புகாரில் சில இந்த வகைதான்.

இத்தனைக்கும் பிறகு மேல் அறையில் லேப்டாப்பின் லிங்க் 58, கைக்கு வந்தது 31. செலவு: இரண்டு ஸ்க்ரூ. வேறு வீடாக இருந்தால் இதோடு கும்பிடு போட்டுக் கிளம்பியிருப்பேன். ஆனால் மாலை 7 மணிக்குத் தெரு முழுக்க டிவியும் போனும் ஓடத் தொடங்கியதும் பிங் மறுபடி துள்ள ஆரம்பித்தது. 2.4 என்பது தெருவில் எல்லாருக்கும் பொதுவான ஒற்றையடிப் பாதை. அதில் நம் வீட்டு வாசலை மட்டும் பெருக்கி என்ன பயன். இனிமேல்தான் காசு.

டாங்கிள்

எளிதான வழி இதுதான்: யுஎஸ்பி துளையில் வெளியே செருகும் வைஃபை கார்டு. 500 ரூபாய்க்குக் கிடைக்கும் சுண்டுவிரல் நக அளவு டாங்கிளை வாங்காதீர்கள். அதில் பெரும்பாலானவை மறுபடியும் 2.4 மட்டும்தான், இருக்கும் வியாதியையே வெளியே எடுத்து மாட்டுவது போல. 2.4-ஐவிட நெரிசல் குறைந்த 5 ஜிகாஹெர்ட்ஸையும் பிடிக்கும் இரட்டை பேண்ட் டாங்கிள், முடிந்தால் வெளியே நீட்டும் ஆன்டெனா உள்ளது, 1,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். அட்டையில் 'ஏசி 600' என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி 600 வரும் என்று நினைக்க வேண்டாம். 2.4-இன் 150-ஐயும் 5-இன் 433-ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் தூக்கிப் போட்ட எண் அது. இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தவே முடியாது.

லேப்டாப்பைக் கழற்ற வேண்டாம், வாரண்டி போகாது, நாளைக்கு வேறு லேப்டாப்புக்கும் ஆகும். இவை டாங்கிளின் பலம். பலவீனம், ஒரு யுஎஸ்பி துளை போய்விடும். மடியில் வைத்து வேலை செய்தால் இடித்து வளையும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டிரைவருக்கு அலைய வேண்டி வரலாம். ஒரு சின்ன உபாயம்: ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் செருகி, டாங்கிளை ஜன்னல் ஓரமோ கதவுப் பக்கமோ உயரத்தில் வைத்துப் பாருங்கள். லேப்டாப்பின் உள் ஆன்டெனா நீங்கள் உட்காரும் இடத்தில்தான் இருக்கும். டாங்கிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவது

எனக்குப் பிடித்த வழி இது. அக்காவிடமும் முதலில் இதைத்தான் சொன்னேன். இரண்டு வருடம் முன்பு என் பழைய லேப்டாப்பில் இன்டெல் ஏஎக்ஸ் 200 போட்டேன். 2019-இல் வந்த வைஃபை 6 கார்டு, இரண்டு ஆன்டெனா, ப்ளூடூத்தும் உள்ளேயே. விலை 2,000 ரூபாய்க்குள்தான் ஆனது. அதற்குப் பிறகு அந்த லேப்டாப் வைஃபை என்று ஒரு வார்த்தை புகார் சொன்னதில்லை.

வேலை சின்னது, ஆனால் நுணுக்கமானது. பின்மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். வைஃபை கார்டு 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம், தீப்பெட்டியைவிடச் சிறிசு. ஒரே ஒரு ஸ்க்ரூ. அதன் தலையில் கறுப்பு ஒயர் ஒன்று, வெள்ளை ஒயர் ஒன்று, ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய தங்கநிற மூடி. அவைதான் திரையின் ஓரம்வரை ஓடும் ஆன்டெனாக்களின் முனை. நகத்தால் நேர் மேலே தூக்கினால் கழன்றுவிடும். பக்கவாட்டில் நெம்பினால் ஒடிந்துவிடும். புதுக் கார்டில் மாட்டும்போது மூடியைக் குழியின் மேல் சரியாக உட்காரவைத்து விரல் நுனியால் அழுத்த வேண்டும். 'டிக்' என்று காதுக்குக் கேட்பதைவிட விரலுக்குத்தான் தெரியும். தெரியவில்லை என்றால் உட்காரவில்லை. இரண்டில் ஒன்று உட்காராமல் மூடியை மூடி, "புதுக் கார்டும் சரியில்ல" என்று சொல்பவர்கள் உண்டு. முதல் தடவை நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில. ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 இரண்டும் சாதாரண எம்.2 வைஃபை துளையில் ஓடும்; ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். ஏஎக்ஸ் 201, ஏஎக்ஸ் 211 பார்க்க அதே மாதிரி இருந்தாலும் அவை குறிப்பிட்ட இன்டெல் போர்டுகளுக்கு மட்டுமே. பாதி வேலையை ப்ராசஸர் பக்கமே விட்டுவைத்த கார்டுகள். ஒரு எண் மாறினால் காசு வீண். பழைய லெனோவோ, எச்பி மாடல்கள் சிலவற்றில் கம்பெனி அங்கீகரித்த கார்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும் லேப்டாப் ஆன் ஆகும்போதே மறுத்துவிடும். உங்கள் மாடலைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10 அல்லது 11, 64 பிட் வேண்டும். புது டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டை மாற்றிய பிறகு டிரைவர் தேட நெட் இருக்காது.

அக்கா லேப்டாப்பின் பின்மூடியை ஆசையோடு கழற்றினேன். உள்ளே ஒரே ஒரு ஒயர். கறுப்பு மட்டும். வெள்ளை ஒயர் போடவே இல்லை. கம்பெனி அந்த அளவுக்குச் சிக்கனம். இரண்டு ஆன்டெனா கார்டை வாங்கிப் போட்டாலும் ஒற்றைக் காலில்தான் நிற்கும். தனியாக ஆன்டெனா ஒயர் வாங்கித் திரையின் சட்டத்தைக் கழற்றி ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்காவின் சோற்றுப்பானை அழைக்கும் நேரத்தில் அதற்குத் துணிச்சல் வரவில்லை. மூடியை மூடிவிட்டேன்.

உங்கள் லேப்டாப்பில் இரண்டு ஒயர் இருந்து, வாரண்டி முடிந்திருந்து, வீட்டுக்குள் அங்கே இங்கே தூக்கிக்கொண்டு அலைபவராக நீங்கள் இருந்தால், இதைத் தாண்டி வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள்.

எக்ஸ்டெண்டர், மெஷ்

அத்தானின் கார்ட்டில் இருந்தது 1,500 ரூபாய் எக்ஸ்டெண்டர். சுவர் ப்ளக்கில் செருகினால் போதும் என்று விளம்பரம். அதன் வேலை, கேட்டதைத் திரும்பச் சொல்வது. மலிவு எக்ஸ்டெண்டர் ஒரே ரேடியோவில் பெட்டியிடம் கேட்டு, அதே ரேடியோவில் உங்களிடம் சொல்லும். கேட்கும்போது சொல்ல முடியாது, சொல்லும்போது கேட்க முடியாது. ஆகவே வேகம் பாதியாகும், தாமதம் கூடும். மீட்டிங்குக்கு எது ஆகாதோ அது கூடுகிறது. இன்னொன்று, சிக்னல் வராத அறையிலேயே கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். அதற்கே கேட்கவில்லை என்றால் எதைத் திரும்பச் சொல்லும்? செருகுவதானால் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில்.

அதைவிட முக்கியம், அது லேப்டாப்பில் கோடுகளை முழுசாகக் காட்டும். எக்ஸ்டெண்டர் பக்கத்தில் இருக்கிறதல்லவா. கோடு நிறைய, வேகம் கம்மி. மனிதர்கள் அந்தக் கோடுகளைப் பார்த்தே சமாதானமாகிவிடுகிறார்கள். இதனாலேயே அது நிறைய விற்கிறது என்பது என் சந்தேகம்.

மெஷ் அப்படியல்ல. பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையாக வேலை செய்யும் அமைப்பு அது. நல்ல பொருள், பெரிய வீட்டுக்கு ஏற்றது. ஆனால் இரண்டு பெட்டிக்கு 5,000-க்கு மேல் போகும். ஒரு அறைக்காக அது அதிகம். அப்படியே வாங்கினாலும் இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒயர் போட்டால்தான் முழுப் பலன். ஒயரே போடுவதாக இருந்தால் மெஷ் எதற்கு?

கரன்ட் ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஒன்று உண்டு. அக்கா வீட்டில் மேல் அறை வேறு ஃபேஸ், அதைத் தாண்டி அது சரியாக ஓடாது. கேள்வி அங்கேயே முடிந்தது.

ஒயர்

அக்காவின் லேப்டாப் ஓரத்தில், நான்கு வருடமாக யாரும் தொடாத ஒரு துளை: நெட் ஒயர் செருகும் லேன் போர்ட். தூசி அடைத்துக் கிடந்தது. இல்லாத லேப்டாப்களுக்கு 700, 800 ரூபாயில் யுஎஸ்பி லேன் அடாப்டர் கிடைக்கும். ஆபீஸ் லேப்டாப்பிலும் பெரும்பாலும் தானாகவே ஏற்றுக்கொள்ளும்.

"ஒயரா? வீடு பூராம் தோரணம் கட்டுன மாதிரி தொங்கும்ல?" என்றார் அத்தான். நியாயமான கேள்வி. நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்காருபவளுக்கு ஒயரின் ஒரே எதிரி அழகுதான். அதுதான் இதைப் பல வீடுகளில் தோற்கடிக்கிறது. நல்லவேளை, முன்னொரு காலத்தில் மேல் அறைக்குக் கேபிள் டிவி ஒயர் போன ஓட்டை படிக்கட்டுச் சுவரில் அப்படியே இருந்தது. பழைய ஒயரின் முனையில் புது ஒயரைக் கட்டி இழுத்தோம். கீழே மட்டும் மூன்று மீட்டருக்கு வெள்ளை பிவிசி கேசிங். சுவரின் வெள்ளையோடு ஒட்டிப் போய்விட்டது.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஒயரின் தரம் 'கேட் 6' என்று எழுதியிருந்தும் மலிவாகக் கொடுத்தால் உள்ளே செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருக்கும். நுனியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். முழுச் செம்பு என்றால் சுரண்டச் சுரண்டச் சிவப்புதான். கேட் 5இ-யே 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தாங்கும். வீட்டுக்கு அது போதும். ஓட்டை சின்னதாக இருந்ததால் ப்ளக் இல்லாத ஒயரை இழுத்துவிட்டு, பிறகு முனையில் ப்ளக்கை அழுத்திப் பொருத்தினேன் (க்ரிம்பிங்). உள்ளே இருக்கும் கம்பிகளின் நிற வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. கரன்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க வேண்டாம். மொட்டை மாடி வழியாக வெளியே ஓட்டவும் வேண்டாம். இது செம்பு, ஃபைபர் அல்ல. இடி மின்னல் காலத்தில் வினை.

18 மீட்டர் ஒயர், ப்ளக், கேசிங் எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடிந்தது. பெட்டிக்குப் போகும் பிங் 1 மில்லி செகண்டுக்குக் கீழே. மாலை 7 மணிக்கும் அதேதான். தெருவில் யார் டிவி பார்த்தாலும் இந்த ஒயருக்குத் தெரியாது. வேகம் 94. அந்த லேப்டாப்பின் லேன் போர்ட் 100-ஐத் தாண்டாத வகை என்பதால் 94-தான் உச்சம். அடுத்த மாதமே பிளானை மறுபடி 100-க்கு இறக்கச் சொல்லிவிட்டேன். ஒயர் போட்ட காசு கொஞ்ச மாதத்தில் பில்லிலேயே திரும்பிவிடும்.

மேலே அக்காவின் போனுக்கும் பையனின் டேப்புக்கும் வைஃபை வேண்டுமே? பரணில் பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தது, முந்தைய இணைப்புக்கு வாங்கியது. அதை எடுத்துத் துடைத்து அக்கா மேஜைக்குக் கீழே வைத்தேன். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி-யை அணைத்து, கீழிருந்து வரும் ஒயரை வெளி இணைப்புக்கான 'வேன்' துளையில் செருகாமல் 'லேன்' துளையில் செருகினால், அது வெறும் வைஃபை விநியோகக் கூடம் ஆகிவிடும். இன்னொரு லேன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு. கீழே சேனல் 1, மேலே 11. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. மெஷ் தரும் பலனில் முக்கால்வாசி, பரணில் இருந்த பொருளிலேயே.

வேறு வீடாக இருந்தால்

இதே ஞாயிற்றுக்கிழமை வேறு ஆளுக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு ஒயரும் போட முடியாது, பெட்டியையும் நகர்த்த முடியாது. அவனுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிளும் நீட்டிப்பு ஒயரும்தான். வாடகை வீட்டில் சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார் என்றால், ரெடிமேட் ஒயரைக் கதவோரமாகத் தரையில் ஒட்டி ஓட்டலாம். அதுவும் வேண்டாம் என்றால் கார்டு. லேப்டாப் மூன்று வருடத்துக்குள் வாங்கியது, லிங்க் ஸ்பீடே 400, 800 என்று காட்டுகிறது, ஆனாலும் தகராறு என்றால் லேப்டாப் பக்கம் ஒரு பைசா செலவு செய்யாதீர்கள்; பெட்டியின் இடம், சேனல், கம்பெனி, இந்த வரிசையில் பாருங்கள்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டதும் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. நெட் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியில் நானாகத்தான் கேட்டேன்.

"அது கெடக்கு நல்லா. ஒங்க அத்தான்தான் அந்த எக்ஸ்டெண்டர இன்னும் கார்ட்ட விட்டு எடுக்கல. வெல கொறையுதான்னு பாத்துக்கிட்டே இருக்காரு."